கை பொறுக்கும் சூடு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை. என் கையில் திணிக்கப்பட்டது.

பாட்டில் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி, ஷிப்ட் மாறும் நேரம். சங்கு ஊதியது. கேட் திறந்தது. வெளியே வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூ. கழுத்து கோணிய சின்னப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதில் செருகிய துலிப். பத்து இருபது பேர் என்றால் யாருக்கோ கல்யாணம் என்று விட்டிருப்பேன். இருநூறு பேர். எண்ணெய்க் கறை படிந்த உடுப்பு, கையில் பூ, முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. ஒருவர் நேரே என்னிடம் வந்தார். "பிடிங்க, எனக்கு ரெண்டு குடுத்துட்டாங்க" என்று ஒன்றைத் திணித்துவிட்டு, எனக்கு முன்னால் பஸ் ஏறி, நான் கண் வைத்திருந்த ஜன்னல் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இலவசமாக எது வந்தாலும் எனக்குச் சந்தேகம். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன். கவிழ்த்து அடியைப் பார்த்தேன். மடி நனைந்ததுதான் மிச்சம். இறங்குவதற்குள் அந்த ஜன்னல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது மூன்றே விஷயம். உள்ளே ஒரு உலைக்காரர் இருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தங்கை பூ வளர்க்கிறாள். நடுவில் ஒரு குழாய் ஓடுகிறது.

மீதியெல்லாம் நான் கட்டியது. பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

தொடக்கம் ஒன்று: "குளிர்காலத்தின் வெண்போர்வை நகரை மெல்லத் தழுவிய ஒரு காலைப் பொழுதில்..."

தழுவவும் இல்லை, ஒன்றும் இல்லை. குளிர் அடித்தது. இதை அடித்தாயிற்று.

தொடக்கம் இரண்டு: "வெப்பம் என்றுமே அழிவதில்லை, அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு..."

இது இஞ்சினியர் பேசுகிற பேச்சு. அவள் இன்னும் கதைக்குள் வரவில்லை. இதையும் அடித்தாயிற்று.

தொடக்கம் மூன்று: உலைக்காரர் யாரையும் நம்ப மாட்டார்.

இது நிற்கும்.

3

உலைக்காரர் யாரையும் நம்ப மாட்டார். சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே மணியைக் காட்டினால், "ரெண்டும் சேந்துகிச்சு" என்பார். அவர் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான்: தன் வலது கையை. முப்பத்தோரு வருஷம் உலைக்கு முன்னால் நின்ற கை. உள்ளங்கை காய்த்துச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். கொதிக்கிற டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால், எல்லோரும் விளிம்பைத் தொட்டுத் தொட்டுக் கையை மாற்றிக்கொண்டிருக்க, இவர் டம்ளரின் இடுப்பைப் பிடித்துக் குடித்து முடித்திருப்பார்.

கண்ணாடி உருக்கும் உலையை அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே கிடக்கும் குழம்பு இறுகி, உலை மொத்தமும் ஒரே பாறையாகிவிடும். ஆகவே ஞாயிறு, லீவு, மழை எதுவும் அதற்குக் கிடையாது. எரிந்துகொண்டே இருக்கும். எரிகிற சூட்டில் பாதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும்.

(அடிக்குறிப்பு: பாதி என்பது என் வாய்க்கு வந்தது. அளந்து பார்த்துவிட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் பசுமைக்குடில். பலகையில்தான் அந்தப் பெயர். அவள் வாயில் அது கண்ணாடி வீடு. ரயில் பெட்டி போல நீளமாக இருக்கும். உள்ளே வரிசையாக மேடைகள், மேடைமேல் மரப்பெட்டிகள், பெட்டிக்குள் துலிப் கிழங்குகள். போன குளிர்காலத்தில் அவளுடைய டீசல் ஹீட்டர் ஒரு நாள் உயிரை விட்டது. காலையில் கதவைத் திறந்தால் ஆயிரத்து இருநூறு மொட்டும் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு கிடந்தன.

"இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் பாக்கறேன். இதுவும் கவுந்துச்சுன்னா கண்ணாடியக் கழட்டிக் குடுத்துட்டு, மக வீட்டுல போய் ஒரு மூலையில உக்காந்துடறேன்" என்றாள்.

அவள் மூலையில் உட்காருகிற ஆள் இல்லை. அண்ணனுக்கு அது தெரியும்.

4

புகைபோக்கியையும் பூவையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரு ஆள் இப்போது எனக்கு வேண்டும். உலைக்காரருக்கு உலை தெரியும். தங்கைக்குப் பூ தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நின்று, அண்ணன் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டும் தங்கை சூட்டுக்கு அலைந்துகொண்டும் இருந்திருக்கிறார்கள். அதற்காகப் புதிதாக ஒரு இஞ்சினியரை வேலைக்குச் சேர்த்தேன்.

சேர்த்துவிட்டு அவளைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. தேவைப்படும் நேரத்தில் சரியாக வந்து நிற்கிற ஆளை எப்படி நம்புவது? இரண்டு தடவை கதையை விட்டு வெளியே அனுப்பினேன். குழாய் தன்னைத்தானே போட்டுக்கொள்ளவில்லை. திரும்பக் கூப்பிட்டு, சும்மா இருக்கட்டும் என்று ஒரு ஜலதோஷம் கொடுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினால் கொஞ்சம் நிஜமான ஆளாகத் தெரிகிறாள்.

"ஐயா, புகைபோக்கி அடியில ஒரு சுருள் குழாய் வெச்சுத் தண்ணி ஓட்டினா, வீணாப் போற சூட்ட அந்தத் தண்ணி பிடிச்சுக்கும். அத சுவருக்கு அடியில கொண்டுபோய், பூப்பெட்டிக்குக் கீழ ஓடவிட்டா..." இங்கே ஒரு தும்மல்.

"மொதல்ல உன் மூக்கு ஓடறத நிறுத்தும்மா" என்றார் உலைக்காரர்.

"சூடு சும்மாதானேய்யா போகுது?"

"சும்மா வர்றதுதான் பயமா இருக்கு. பூவெல்லாம் வெந்துபோச்சுன்னா நீ மாத்தல் வாங்கிட்டு வேற ஊருக்குப் போயிருவ. நான்தான் என் தங்கச்சி மூஞ்சில முழிக்கணும்."

தங்கை ஒரு பெட்டிமேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "முழிச்சுக்கலாம் முழிச்சுக்கலாம், குழாயப் போடச் சொல்லு. நீ பேசி முடிக்கிறதுக்குள்ள கிழங்கு கிழடாயிடும்."

குழாய் போட்டார்கள். தொழிற்சாலையில் அவருக்கு 'வெந்நீர்' என்று பட்டப்பெயரும் போட்டார்கள். "என்ன வெந்நீர், பூவெல்லாம் குளிச்சாச்சா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். யார் யார் கேட்டார்கள் என்று அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

5

சூட்டுத் தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து அனுப்பும் வால்வு அண்ணன் பக்கம் இருந்தது. இஞ்சினியர் அதன்மேல் சூடு காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்தினாள். அவர் அதன்மேல் தன் தொப்பியை மாட்டினார்.

"ஐயா, முள்ளு தெரியலயே!"

"அது நீ வெச்ச முள்ளு. நீ சொன்னதத்தான் காட்டும்."

இன்னும் ஒருவரைச் சொல்லிவிட்டால் ஆட்கள் முடிந்தார்கள். பூ வாங்கும் மொத்த வியாபாரி. சட்டைப் பையில் எப்போதும் இரும்பு ஸ்கேல் செருகியிருப்பதால் அவர் பெயர் ஸ்கேல்காரர். தங்கையிடம் அவர் சொன்னது: "தண்டு, முழங்கையிலேர்ந்து விரல் நுனி வரைக்கும் நீளம் இருக்கணும். மொட்டு மூடியிருக்கணும், உள்ள இருக்கற நிறம் மட்டும் லேசா எட்டிப் பாக்கணும். மேடையில பெட்டி ஏத்தினதுலேர்ந்து இருபத்தஞ்சாம் நாள் வர்றேன். சரியா இருந்தா குளிர்காலம் முழுக்க வாராவாரம் நான்தான் எடுத்துக்குவேன். இல்லைன்னா இந்த வாசப்படிய மறந்துடுவேன்."

ஒன்பதாம் நாள் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தங்கையே தினமும் குழாயில் கை வைத்துப் பார்த்து, கூட்டு குறை என்று சுவருக்கு மேலாகக் கத்துவாள். அவர் வால்வைத் திருப்புவார். ஒன்பதாம் நாள் காலை மருமகன் போன் செய்தான். மகளுக்கு வலி எடுத்துவிட்டது. தங்கை ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு சுவரோரம் ஓடி வந்தாள்.

"அண்ணா! ஆறு நாள்ல வந்துடறேன். வால்வ நீ பாத்துக்கோ."

"எவ்வளவு சூடு வெக்கணும்?"

"பெரிய வித்தை ஒண்ணுமில்ல. குழாய்ல கை வெச்சா, கை பொறுக்கணும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

நீங்கள் இப்போதே சிரித்துவிட்டால் புத்திசாலி. சிரிக்கவில்லையென்றால், டீ டம்ளர் கதையை நான் எதற்குச் சொன்னேன் என்று நினைத்தீர்கள்?

6

முதல் நாள் குழாயில் கை வைத்தார். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. "பாவம், பூவெல்லாம் நடுங்குமே" என்று வால்வைக் கொஞ்சம் திருப்பினார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். ஐந்தாம் தடவைதான் கைக்கு இதமாக, ஆளைத் தட்டிக்கொடுப்பது மாதிரி ஒரு சூடு வந்தது. வேறு யாராவது அங்கே கை வைத்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

சந்தேகம் தீராமல் கண்ணாடி வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தார். சுவரெல்லாம் ஆவி வழிந்தது. உலை முன்னாலிருந்து வந்தவருக்கு உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது.

(இஞ்சினியர் மீட்டரைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஜலதோஷம் காய்ச்சலாகி லீவில் போய்விட்டாள். அந்த ஜலதோஷத்தைக் கொடுத்தது நான்தான். இதற்குத்தான் கொடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.)

இரண்டாம் நாள் மொட்டுகள் இலையை விட்டு மேலே வந்தன. மூன்றாம் நாள் நிறம் காட்டின. அவர் வாழ்நாளில் கோடிக்கணக்கான பாட்டில்களைப் பார்த்தவர். பாட்டில் வெளியே வரும்போதே பாட்டிலாகத்தான் வரும். காலையில் ஒன்றாகவும் சாயங்காலம் வேறாகவும் இருக்கிற சரக்கை அவர் கையாண்டதே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை போய்ப் பார்க்க ஆரம்பித்தார். நாலாம் நாள் முதல் பூ விரிந்தபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க" என்றார். ஆறாம் நாள் ஆயிரத்து இருநூறும் வந்துவிட்டன. அன்று காலை அவர் தலையைப் படிய வாரிக்கொண்டார்.

7

தங்கை வந்தாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் பையைக்கூட இறக்கி வைக்காமல் கதவைத் திறந்தாள். பின்னால் அண்ணன்.

சிவப்பும் மஞ்சளுமாகக் கிண்ணம் கிண்ணமாகப் பூ. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, ஒரு சாண் தண்டில்.

"அண்ணா..."

"எப்படி?"

"எல்லாம் பூத்துடுச்சு."

"ஒண்ணு பாக்கியில்ல!"

"ஸ்கேல்காரர் வர இன்னும் பத்து நாள் இருக்கு."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. தங்கை குனிந்து குழாயைத் தொட்டாள். "ஆ!" என்று துள்ளி விரல்களை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது கை பொறுக்கிற சூடா?"

"பொறுக்குதே" என்று அவர் உள்ளங்கையைக் குழாய்மேல் வைத்தார். வைத்தது வைத்தபடி, பூனை படுத்திருப்பது மாதிரி சுகமாக அந்தக் கை அங்கேயே கிடந்தது.

இந்த இடத்தில் தங்கையை இரண்டு பக்கம் அழவிட்டு எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, அது எந்தக் கண்ணீர் என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று.

"உன் கையப் போய்... நான் ஒரு முட்டாள்... உன் கையப் போய் கேட்டேன் பாரு!"

உலைக்காரர் சிரிக்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷமாக நம்பிய ஒரே ஆள் முதுகில் குத்தியது மாதிரி இருந்தது அவருக்கு.

"அப்ப இனிமே நான் எதத்தான் நம்பறது?" என்றார்.

8

"வாரிக் குப்பையில கொட்டு. விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்? அதுவும் ஒரு சாண் தண்டு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள் தங்கை.

அவருக்குக் கொட்ட மனம் வரவில்லை. வா வா என்று கூப்பிட்டது அவர்தானே. ஒரு பூவைப் பறித்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தார். உலைக்குப் பக்கத்தில் கோணல் தொட்டி இருக்கும். கழுத்து வளைந்தது, அடி சாய்ந்தது என்று சோதனையில் கழிந்த சாஸ் பாட்டில்கள் அதில் குவிந்து கிடக்கும். உடைத்து மறுபடி உலையில் போட வேண்டிய சரக்கு. ஒன்றை எடுத்துப் பூவைச் செருகினார். ஒரு சாண் தண்டுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

காய்ச்சல் விட்டு வந்திருந்த இஞ்சினியரிடம் பாட்டில் கேட்டார். "உடைக்கத்தானேய்யா போறோம், எடுத்துக்குங்க" என்றவள், தானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க உட்கார்ந்தாள். முகம் கழுவி வந்த தங்கையும் என்ன பைத்தியக்காரத்தனம் என்று பார்க்க வந்து, மூன்றாவது ஆளாக உட்கார்ந்தாள். இரண்டு மணிச் சங்கு ஊதியபோது கேட்டுக்கு உள்ளே நீள மேஜை நிறையப் பூ.

"என்ன வெந்நீர், இது என்னது?"

"பூ."

"அது தெரியுது. எதுக்கு?"

"வீட்டுக்குக் கொண்டுபோ."

"கல்யாணமாகி இருபது வருஷத்துல நான் பூ கொண்டுபோனதே இல்லயே. என்ன தப்பு பண்ணேன்னு கேப்பாளே!"

"எதாவது ஒண்ண ஒத்துக்கோ."

இன்னொருவன் மூக்கில் வைத்து இழுத்தான். "வாசனையே இல்லயே?"

"எட்டு மணி நேரம் வேர்த்துட்டு வந்தவன் நீ. உன்கிட்ட என்ன வாசனைன்னு பூவக் கேட்டியா?"

அட்டைப்பெட்டி கட்டும் அம்மா நாலு பாட்டிலை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "மாமியாருக்கு ஒண்ணு, நாத்தனாருக்கு ஒண்ணு, மீதி ரெண்டும் எனக்கு. அவங்க பாக்கறப்ப எனக்கு ரெண்டு இருக்கணும்."

கிண்டல் செய்தவர்கள் வந்தபோது உலைக்காரர் முகத்தை இறுக்கிக்கொண்டு, இருப்பதிலேயே மோசமாகக் கோணிய பாட்டிலாகப் பார்த்துக் கொடுத்தார். மூன்று ஷிப்டுக்கும் கொடுத்தது போக, மறுநாளும் கொடுத்தார்கள்.

வெளியே பஸ்ஸுக்கு ஒரு கிழவன் நின்றுகொண்டிருந்தானே, அவனுக்கும் ஒன்று கிடைத்தது. அது உங்களுக்குத் தெரியும்.

9

ஸ்கேல்காரர் அன்று அந்தப் பக்கமாக வந்தார், இருநூறு பேர் பூவோடு போவதைப் பார்த்தார், மனம் உருகி... என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன். பையில் இரும்பு ஸ்கேல் வைத்திருக்கிறவர் கோணல் பாட்டிலைப் பார்த்து உருக மாட்டார்.

தங்கை போன் செய்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரு மாதம் தவணை கேட்டாள்.

"ஒரு வாரம் தள்ளி வர்றேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று வைத்துவிட்டார்.

பத்தும் ஏழும் பதினேழு நாள். குளிர் அறையில் அடுத்த தவணைக்கு வைத்திருந்த பெட்டிகள் இருந்தன. கூடுதல் நாள் குளிரில் கிடந்தவை என்பதால், சூடு சரியாக இருந்தால் மொட்டு விட அவற்றுக்குப் பதினெட்டு நாள் போதும். கூடினால் தண்டு குட்டையாகும். குறைந்தால் நாள் தள்ளிப்போகும். மயிரிழையில் நடக்கிற வேலை.

பெட்டிகளை ஏற்றி முடித்ததும் உலைக்காரர் வால்வுச் சாவியைத் தங்கையிடம் நீட்டினார். "நீயே வெச்சுக்கோ. நான் தொட மாட்டேன்."

"சட்டைக் கைய மடி."

"எதுக்கு?"

"பேத்தியக் குளிப்பாட்டறப்ப தண்ணிச் சூட்ட நான் கையால பாக்கல. வேல செய்யற கை, அதுக்குப் பொறுக்கும், குழந்தைக்குப் பொறுக்காது. மடிண்ணா."

முப்பத்தோரு வருஷமாக மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட தடிச் சட்டை. மடித்து மடித்து மேலே ஏற்றினார். வெயிலையும் பார்க்காமல் உலையையும் பார்க்காமல் வெளுத்துப் போயிருந்த ஒரு முழங்கை வெளியே வந்தது. அதைக் குழாயில் வைத்தார்.

"அய்யய்யோ!" என்று ஒரு துள்ளு துள்ளி இஞ்சினியரின் காலை மிதித்தார்.

தங்கை கை தட்டினாள். "இதுக்குப் பொறுக்கிற சூடுதான் சூடு."

வால்வைத் திருப்பினார். வைத்துப் பார்த்தார். திருப்பினார். முழங்கை சரி என்றதும், மெதுவாகப் போய்த் தன் தொப்பியை எடுத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். இஞ்சினியர் குறித்துக் கொடுத்த கோட்டிலேயே முள் நின்றது.

"ரெண்டும் சேந்துகிச்சு" என்று முணுமுணுத்தார். ஆனால் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

10

புதுப் பெட்டிகள் ஏறிய பன்னிரண்டாம் நாள் மகள் போன் செய்தாள். குழந்தைக்கு ஊசி போட வேண்டும், தனியாகப் பயமாக இருக்கிறது, அம்மா வர வேண்டும். தங்கை மறுபடி பையை எடுத்தாள். சுவரோரம் வந்தாள். சாவியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு சூடுன்னு கேக்கலயா?" என்றாள்.

"போடி" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

பதினேழாம் நாள் காலை. தங்கை பையோடு தெருமுனையில் இறங்குகிறாள். ஸ்கேல்காரரின் வேன் அதே முனையில் திரும்புகிறது. கண்ணாடி வீட்டின் கதவு மூடியிருக்கிறது. உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு முன்னால் உலைக்காரர்.

முடிவு அ: ஸ்கேல்காரர் அளந்தார், தலையை ஆட்டினார், குளிர்காலம் முழுக்க... எழுதினேன். நம்பிக்கையில்லை. பதினெட்டு நாள் வேலை பதினேழில் முடியுமா?

முடிவு ஆ: "இன்னும் ஒரு நாள் போயிருக்கணும்" என்று வேனைத் திருப்பிக்கொண்டு... இதையும் எழுதினேன். இதில் இன்னும் நம்பிக்கையில்லை. அந்த முழங்கையை நான் பார்த்திருக்கிறேன்.

மேஜைமேல் என் பாட்டில் இருக்கிறது. பூ எப்போதோ உதிர்ந்துவிட்டது. பாட்டிலைத் தூக்கிப்போட மனமில்லை. பஸ் ஏறிப் போய் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். போக மாட்டேன். அங்கே யார் என்ன சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை.

கதவை நீங்கள் திறந்துகொள்ளுங்கள். தங்கை, ஸ்கேல்காரர், அண்ணன், மூன்று பேரும் வாசலுக்கு வந்தாயிற்று. உள்ளே எத்தனை மொட்டு, எவ்வளவு நீளம் என்பது உங்கள் பாடு. ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் எந்த முடிவை வைத்தாலும், அவர் வலது சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடிந்தே இருக்க வேண்டும். ஐந்து நாளாக அதை அவர் இறக்கவே இல்லை, இந்தக் குளிரிலும்.